தறியை நிறுத்தினாத்தான் கேக்கும்

தொண்ணூறுகளோட நடுவுல நடந்தது இது. பல்லடத்துல இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தெரு முழுக்கத் தறி ஓடற ஒரு ஊர்ல எங்க வீடு. முன்னாடி வீடு, பின்னாடி குடோன். குடோன்னா எங்க பக்கம் பவர்லூம் ஓடற கொட்டகைக்குப் பேரு. வலது பக்கம் பொதுச்சுவர், அதுக்கு அக்கட்ட அடுத்தவங்க குடோன். காலையில கண்ணு முழிக்கறப்போ தொடங்கற 'டடக் டடக்' பொழுது முழுக்க ஓடும். விருந்தாளிங்க வந்தா, "இதுக்குள்ள எப்படீங்க இருக்கறீங்க?"ன்னு கேப்பாங்க. எங்களுக்குத் தறி நின்னாத்தான் தூக்கம் கலையும்.

அந்தச் சத்தத்துலயே பாதி ஆயுசு நின்ன எங்க வீட்டுக்காரருக்குக் காது போயிருச்சு. ஒரே நாள்ல போகலை. முதல்ல டிவி சத்தம் ஏறுச்சு. அப்புறம் பால்காரர் மணி கேக்கலைன்னார். கடைசியில நான் பேசறது கேக்கலை. ஆனா அதை ஒத்துக்கணுமே! "நீ வாயிக்குள்ளயே பேசறே அம்மணி"ம்பார். நான் வாயிக்குள்ள பேசறனாம்! நான் பேசினா மூணாவது வீட்டு எருமை திரும்பிப் பாக்கும். புருசன் பொண்டாட்டிக்குள்ள பேசற பேச்செல்லாம் எங்க வீட்ல ஊருக்கே ஒலிபெருக்கி போட்ட மாதிரிதான். "ஏனுங்க, உங்க தங்கச்சி வந்துட்டுப் போச்சே, என்ன கேட்டுச்சு?"ன்னு நான் கத்த, அடுத்த நாள் குழாயடியில பொம்பளைங்க என்கிட்டயே, "தங்கச்சி என்னங்க்கா கேட்டுச்சு?"ன்னு விசாரிப்பாங்க. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் காதுல வைக்கற மெஷின் எழுதிக் குடுத்தார். சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில வச்சவர், அதோட அந்தச் சட்டையைத் தொவைக்கப் போட்டுட்டார். "காதுல மாட்டிக்கிட்டு நாலு பேரு முன்னாடி நிக்கச் சொல்றயா?" அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது.

நான் கத்தறது தறிச் சத்தத்துக்காகன்னு நினைச்ச வெளியாளுங்களுக்கு, அவர் காது போனது தெரியவும் தெரியாது. ஏன்னா குடோனுக்குள்ள யாரும் வாயால பேசறதில்லை. அந்த இரைச்சல்ல எவனுக்குக் கேக்கும்? எல்லாம் கை ஜாடைதான். நூல் அறுந்துச்சுன்னா ரெண்டு விரலைப் பிரிச்சுக் காட்டுவாங்க. தறியை நிறுத்துன்னா கையை மேல இருந்து கீழ இழுப்பாங்க. டீ வந்துச்சு, கரண்டுக்காரர் வந்திருக்கார், உன் பையன் ஸ்கூல்ல இருந்து வந்துட்டான் எல்லாத்துக்கும் ஒவ்வொரு ஜாடை. அதனால குடோனுக்குள்ள அவர் ராஜா. வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சாத்தான் ஊமைப் படம்.

இப்ப என் கதைக்கு வாரேன். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ரேடியோ மெக்கானிக் படிப்புல சேர்ந்தேன். வகுப்புல நான் ஒருத்திதான் பொண்ணு. முடிக்கறதுக்குள்ள கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க. படிப்பு நின்னுச்சு, கிறுக்கு நிக்கலை. சமையக்கட்டுல மிக்ஸிக்குப் பக்கத்துல ஒரு பலகை என்னுது. சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பி, பழைய ரேடியோவுல இருந்து பிடுங்கின சாமான், எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருப்பேன். கோயமுத்தூர் போனா எல்லாரும் சேலைக் கடைக்கு ஓடுவாங்க, நான் காந்திபுரத்துப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைக்கு ஓடுவேன். கடைக்காரர், "பையன் படிக்கறானுங்களாம்மா?"ன்னு கேப்பார். "ஆமாங்க"ன்னு சொல்லிப்போடுவேன். நின்னு விளக்கஞ்சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கு?

தண்ணித் தொட்டி நிறைஞ்சா கத்தற மணி செஞ்சேன், கரண்ட் போனா தானா எரியற லைட் செஞ்சேன். கொசு விரட்டற பெட்டி ஒன்னு செஞ்சேன், கொசுங்க அது மேலயே உக்காந்து இளைப்பாறுச்சுங்க. வீட்டுக்காரர் எதையும் பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். பாவு நூல் பிரச்சனை, ஆளுங்க பிரச்சனைன்னு அவருக்கு ஆயிரம். எனக்கும் அந்தப் பலகைதான் ஒரு மூச்சு விடற இடம். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, அந்த வருசம் அதுல உக்காரக்கூட எனக்கு மனசில்லை.

காரணம் எங்க மக. ஒரே பொண்ணு. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குப் போனவ, கூட வேலை பாக்கற பையனைக் கட்டிக்கறேன்னா. எங்க ஆளுங்க இல்லை. எங்க பக்கம் இது எப்படி இருக்கும்னு எங்க பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பல நாள் வீட்ல சாப்பிடலை. அப்புறம் என்ன நினைச்சாரோ, கல்யாணத்துக்கு வந்தார். வந்து ஒரு வார்த்தை பேசலை. மாப்பிள்ளையோட அப்பா கையைக் கூப்பி என்னமோ சொன்னார், இவர் மேல சுத்தற ஃபேனைப் பாத்துக்கிட்டு நின்னார். அந்த மனுசன் முகம் செத்துப்போச்சு. "சம்பந்தி இன்னும் கோவமா இருக்கறாருங்க"ன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க.

அப்போ டீக்கடையில நம்ம பக்கத்துக் குடோன்காரர் ஒரு வார்த்தை விட்டுட்டார். "பொண்ணைக் கோயமுத்தூருக்கு அனுப்பினா வேற என்ன ஆவும்?"னு. அவரும் எங்க வீட்டுக்காரரும் ஒன்னாத் தறி போட்டவங்க, ஒன்னாப் பழனிக்கு நடந்தவங்க. அந்த வார்த்தை எப்படியோ இவர்கிட்ட வந்து சேர்ந்துச்சு. அன்னையில இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஒரே சுவரு, அக்கட்ட அவங்க, இக்கட்ட நாங்க.

மகளும் மருமகனும் வேலைக்காகப் பூனாவுக்குப் போயிட்டாங்க. மாசமா இருக்கறேன்னு தெரிஞ்சதும் அவ ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா. ஞாயித்துக்கிழமைதான் எங்க தெருவுல தறி ஓடாது, அப்பா வீட்ல இருப்பார்னு அவளுக்குத் தெரியும். நான் ரிசீவரை அவர் கையில குடுத்தேன். அவர் காதுல வச்சார். "ம்... ம்... சரி"ன்னார். வச்சுட்டார். என்ன சொன்னான்னு கேட்டேன். "நல்லா இருக்கறாளாமா"ன்னு குடோன் பக்கம் போயிட்டார்.

அவ என்ன கேட்டான்னு பின்னாடி அவளே சொன்னா. "அப்பா, என் மேல இன்னும் கோவங்களா?"ன்னு அழுதுக்கிட்டே கேட்டிருக்கா. அதுக்குத்தான் அந்த "ம்... சரி"யும், போனை வச்சதும்.

அதுக்கப்புறம் அவ ஞாயித்துக்கிழமை கூப்பிடவே இல்லை. மருமகன் ஆபீஸ்ல இருந்து நடு வாரத்துல, அப்பா குடோன்ல இருக்கற நேரமாப் பாத்துக் கூப்பிடுவா. அவளுக்கு ஏழாம் மாசம் ஆரம்பிச்சுது. முதல் பிரசவம் அம்மா வீட்லதானே? அதுவும் மருமகனுக்கு அம்மா இல்லை. அந்த ஊர்ல ஒரு பொம்பளைத் துணை கிடையாது. "கிளம்பி வா கண்ணு"ன்னேன். "அப்பா வாயால கூப்பிடட்டும், வாரேன். இல்லாட்டி நான் இங்கயே பாத்துக்கறேனுங்கம்மா. எட்டாம் மாசம் ஆயிட்டா ரயில்ல வரக்கூடாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாங்க"ன்னா. அப்பனுக்குத் தப்பாத மக!

அவருக்குக் காது கேக்கறதில்லைடி கண்ணுன்னு நான் சொல்லாம இல்லை. "அவருக்காக நீங்க எத்தனை சமாதானம்தான் சொல்லுவீங்கம்மா?"ன்னு கேட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்லை. எனக்கே ரெண்டு மனசு. காது கேக்காமத்தான் பேசாம இருக்கறாரா, இல்லை பேச இஷ்டமில்லாம காது கேக்காத மாதிரி இருக்கறாரா? கூட வாழறவளுக்கே பிரிச்சுச் சொல்ல முடியலை. அவர்கிட்டப் போய், "கேக்காட்டிப் போவுது, போனை வாங்கி வா கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கத்தினேன். "அவ ஏதாவது கேட்டா நா என்னத்தைச் சொல்றது? தப்பாச் சொல்லித் தொலைக்கறதுக்கா? அன்னைக்குப் போன்ல பட்டது போதாதா?"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். எனக்கு அழுகையா வந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவுல நான் ஒருத்தி கத்திக்கிட்டே இருக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு போல.

சரி, கத்தறதை விட்டுட்டு வேற ஏதாவது செய்யலாம்னு அந்தப் பலகையில போய் உக்காந்தேன்.

போன்ல வர்ற குரலைப் பெருசாக்கற பெட்டி ஒன்னு வேணும். முதல்ல ஒரு சின்ன மைக்கை ரிசீவர்ல ஒட்ட வச்சு செஞ்சு பாத்தேன். உருப்படலை. மைக் நல்ல சாமான்தான், ஆனா அதுக்கு ஆள் வித்தியாசம் தெரியலை. போன் குரலோட சேத்துத் தறிச் சத்தத்தையும் பெருசாக்கி மண்டைக்குள்ள இறக்குச்சு. அப்போதான் பழைய பாடம் ஞாபகம் வந்துச்சு. ரிசீவருக்குள்ள ஒரு காந்தம் இருக்கு. அது பக்கத்துல ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், வச்சா, சத்தத்தைத் தொடாம, அந்தக் காந்தத்தோட அசைவை மட்டும் புடிச்சுக்கும். அதை ஒரு ஐசி சிப் போட்டுப் பெருசாக்கினா ஆச்சு.

காயிலுக்கு மயிரிழை மாதிரி செப்புக் கம்பியை ஆயிரக்கணக்குல சுத்தணும். கையால சுத்தினா பேரன் காலேஜுக்குப் போயிருவான். எங்ககிட்டத்தான் தார் மெஷின் இருக்கே! தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள போடற நூலைச் சின்னக் கட்டையில சுத்தற மெஷின் அது. ஒரு தார்க்கட்டையை அறுத்து, உள்ளே ஒரு இரும்பு போல்ட்டைச் சொருகி, மெஷின்ல மாட்டினேன். மோட்டாரைப் போட்டா கம்பி அறுந்துச்சு. மறுபடி மறுபடி அறுந்துச்சு. கடைசியில மோட்டாரைக் கழட்டி விட்டுட்டுச் சக்கரத்தைக் கையாலயே மெதுவா உருட்டினேன். தார் போடற பொம்பளை, "அக்கா, இது என்னங்க, செப்புல வேட்டி நெய்யறீங்களா?"ன்னு கேட்டுச் சிரிச்சா. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. முதுகு ஒடிஞ்சு போச்சு.

எல்லாத்தையும் ஒரு சோப்பு டப்பாவுல அடக்கினேன். மக விட்டுட்டுப் போன வாக்மேன் ஹெட்போன் இருந்துச்சு, அதை அதுல சொருகினேன். காயிலை ரப்பர் பேண்ட் போட்டு ரிசீவரோட கட்டினேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து மணி சொல்ற நம்பரைப் போட்டு, அவரைப் புடிச்சு உக்கார வச்சு ஹெட்போனை மாட்டி விட்டேன். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவர், திடீர்னு நிமிந்தார்.

"யாரோ ஒரு புள்ள மணி சொல்லுதே!"

அப்படியே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். ஹெட்போனைக் கழட்டவே மாட்டேனுட்டார். மணி சொல்றதை அவ்வளவு நேரம் ரசிச்சுக் கேட்ட மனுசனை நான் பாத்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. மக கூப்பிட்டப்போ, "வர்ற செவ்வாக்கிழமை மத்தியானம் கூப்பிடு, அப்பா கண்டிப்பாப் பேசுவார்"னு வாக்குக் குடுத்துப்போட்டேன். அவ நம்பலை. "இது கடைசிங்கம்மா. அன்னைக்கும் அவர் பேசாட்டி, ஊருக்கு வான்னு நீங்க இனிமேல் என்னைக் கேக்கக் கூடாது"ன்னா. சரின்னுட்டேன்.

பாருங்க, தறிக்காரியாப் பொறந்து தறிக்காரனைக் கட்டின நான், ஒரு விஷயத்தை மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஒரு சாமானைச் சோதிச்சுட்டு, அது செவ்வாக்கிழமையும் வேலை செய்யும்னு நம்பிட்டேன்.

செவ்வாக்கிழமை போன் அடிச்சுது. நான் ஓடிப்போய்க் குடோன்ல இருந்து அவரைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். ஹெட்போனை மாட்டி, டப்பாவை ஆன் பண்ணினேன். அவர் துள்ளிக் குதிச்சு ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டார். எடுத்து நான் காதுல வச்சுப் பாத்தேன். 'உய்ய்ங்'னு ஒரே இரைச்சல், குளவிக் கூட்டுக்குள்ள தலையை விட்ட மாதிரி. அடியில எங்கயோ மக, "அப்பா, அப்பா"ன்னு கூப்பிடறது இத்தினியூண்டு கேக்குது.

அப்போதான் எனக்கு உறைச்சுது. காயிலுக்குக் காந்தம்தான் தெரியும். தறி ஒவ்வொன்னுக்கும் ஒரு மோட்டார், மோட்டாருக்குள்ள என்ன இருக்கு? காந்தம்தானே! ஞாயித்துக்கிழமை எல்லாம் நின்னிருந்துச்சு, இன்னைக்கு எல்லாம் ஓடுது. போனை வேற இடத்துக்கு நகத்தலாம்னா, லைன்மேன் அதைப் பொதுச்சுவர் ஓரமா ஆணியடிச்சு மாட்டிட்டுப் போயிட்டார். எனக்கு அந்த டப்பாவைத் தூக்கிச் சுவத்துல அடிக்கலாம் போல இருந்துச்சு.

அவர் என்னைப் பாத்தார். கத்தினாப் புரியாதுன்னு, கையை மேல இருந்து கீழ இழுத்துக் காட்டினேன். தறியை நிறுத்துங்கன்னு அர்த்தம். ஒரு நிமிசம் யோசிச்சார். சாவு வீட்டுக்குப் போறதுக்குக்கூட, ஆளை வச்சுட்டுப் போவாரே தவிர, தறியை நிறுத்தாத மனுசன். போய் எங்க குடோன் மெயின் சுவிட்சை இறக்கிட்டு வந்தார்.

போன்ல மக கேட்டா: "கரண்ட் போயிருச்சுங்களாம்மா? நம்ம தறி நின்ன மாதிரி இருக்குது."

"இல்ல கண்ணு, அப்பா நிறுத்தினார். லைன்லயே இரு"ன்னேன்.

அவர் மறுபடி ஹெட்போனை மாட்டினார். இரைச்சல் குறைஞ்சிருந்துச்சு, போகலை. தலையை ஆட்டினார். கேக்கலை. நான் பொதுச்சுவரைக் கையால காட்டினேன். அக்கட்ட இருக்கற மோட்டாரும் நிக்கணும்.

அவர் அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு அப்படியே நின்னார். அவருக்குப் புரிஞ்சுபோச்சு. ஹெட்போனைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு வெளியே போயிட்டார்.

அவ்வளவுதான், போச்சுன்னு நினைச்சேன். கௌரவம் போயி அந்த ஆளுகிட்ட நிக்கறதுக்கு, மக வராட்டி வராம இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டார்னு நினைச்சேன். போன்ல அவ, "போயிட்டாருங்களாம்மா? விட்டுருங்கம்மா. நானும் விட்டுட்டேன்"னு சொல்றா. அழக்கூட இல்லை. அந்தக் குரல்லயும் என் அலுப்புத்தான் இருந்துச்சு. ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டே, ஒயர் வந்த மட்டும் இழுத்துக்கிட்டு வாசப்படிக்கு வந்தேன்.

பக்கத்துக் குடோனோட பெரிய கதவு சந்து பக்கம் தொறந்துதான் இருக்கும். அங்க அவர் நின்னுக்கிட்டிருந்தார். உள்ளே தறிங்க முழு வேகத்துல ஓடுது. எதிர்ல அந்த மனுசன், கையில எண்ணெய்த் துணியோட. வேலை செய்யறவங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அந்த இரைச்சல்ல வாயால பேச வழியில்லை.

எங்க வீட்டுக்காரர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். கையை விரிச்சு, இல்லைன்னு ஆட்டினார். அப்புறம் கையை மடக்கிக் காதுல வச்சு, போன்னு காட்டினார். அந்தப் பக்கத்து மனுசனுக்குப் புரிஞ்ச மாதிரி தெரியலை. அப்போ அவர் ரெண்டு கையையும் தன் வயித்துக்கு முன்னாடி வச்சு, புள்ளைத்தாச்சி வயிறு மாதிரி ஒரு வளைவு போட்டுக் காட்டினார். காட்டிட்டு, எங்க வீட்டுப் பக்கம் கையை நீட்டினார். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார்.

காதுல மெஷின் மாட்டிக்கிட்டு நாலு பேரு முன்னாடி நிக்க மாட்டேன்னவர், அத்தனை பேரு முன்னாடி நின்னு வயித்தைக் காட்டினார். ஒருத்தரும் சிரிக்கலை.

அந்த மனுசன் எண்ணெய்த் துணியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

தறிங்க ஒவ்வொன்னா இழுத்து இழுத்து நின்னுச்சு. நடு வாரத்துல, மத்தியானத்துல, எங்க சந்துல சத்தமே இல்லை. எங்கயோ ஒரு கோழி கொக்கரிக்கறது கேட்டுச்சு.

"அம்மா," மக கூப்பிட்டா. குரல் மாறியிருந்துச்சு. "அவங்க குடோனும் நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சு கண்ணு. உங்கப்பா போய்க் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார்."

ரெண்டு குடும்பத்துக்கும் எதனால பேச்சு நின்னுச்சுன்னு அவளுக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சற சத்தம்தான் வந்துச்சு.

அவர் உள்ளே வந்தார். ஹெட்போனை அவரே மாட்டிக்கிட்டார். ரிசீவரை வாங்கி வாய்க்கு நேரா வச்சுக்கிட்டார். அவருக்குக் கேக்கற அளவுக்குச் சத்தம் வச்சிருந்ததால, அந்த அமைதியில பக்கத்துல நின்ன எனக்கும் நல்லாவே கேட்டுச்சு.

"அப்பா."

அவர் கண்ணை மூடிக்கிட்டார். இன்னும் கேக்கலையோன்னு நினைச்சேன். அப்புறம் வாய் தொறந்தார்.

"சளி புடிச்சிருக்குதா கண்ணு? குரல் அடைச்சாப்ல இருக்குதே."

அந்தப் பக்கம் அவ உடைஞ்சுட்டா. இந்தப் பக்கம் நான் முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன். கேக்குது! குரல் அடைச்சிருக்கறது வரைக்கும் கேக்குது!

"எனக்குக் காது போயிருச்சு கண்ணு. ரொம்ப நாளாச்சு. உங்கம்மா ஒரு சோப்பு டப்பாவுல என்னமோ செஞ்சிருக்கறா, அதுலதான் கேக்கறேன். அன்னைக்கு நீ கேட்டது என் காதுல விழவே இல்லை."

அவ மறுபடியும் கேட்டா. "கோவங்களாப்பா?"

"இருந்துச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. இப்ப இல்ல. நீ வா. வேண்டாம், வயித்தைத் தூக்கிக்கிட்டு நீ அலையாதே. நானும் உங்கம்மாவும் வந்து கூட்டிட்டு வாரோம்."

அதுக்கப்புறம் அவ பேசினா, இவர் "ம், ம்"னு கேட்டார். அந்த "ம்"முக்கும் பழைய "ம்"முக்கும் இருந்த வித்தியாசம் எனக்குத்தான் தெரியும். நான் சமையக்கட்டுக்குப் போய்த் தரையில உக்காந்துட்டேன். வருசக்கணக்கா நின்னுக்கிட்டே இருந்துட்டு அன்னைக்குத்தான் உக்காந்த மாதிரி இருந்துச்சு. அழுதேன், எதுக்குன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியலை.

பேசி முடிச்சதும் அவரே சந்துக்குப் போய், போட்டுக்கோங்கன்னு கையைத் தூக்கிக் காட்டினார். ரெண்டு பக்கமும் தறி ஓட ஆரம்பிச்சுது. பொழுதோட பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணத்துல ராகிப் புட்டோட வந்து, "பாப்பா ஊருக்கு எப்ப வருதுங்க்கா?"ன்னு கேட்டாங்க. பின்னாலயே அந்த மனுசனும் வந்தார். வாசல்ல நின்னபடி அந்த டப்பாவைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். என்னைப் பாத்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். தெருவே அரைச் செவிடுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஆளாளுக்கு டப்பா கேட்டு என் உயிரை எடுத்தாங்க, அது தனிக் கதை.

மக வந்தா. பிரசவம் நல்லபடியா ஆச்சு. பின்னாடி நான் ஒரு புத்தகத்துல படிச்சு, ரெண்டு காயிலை எதிரெதிரா வச்சு, மோட்டார் இரைச்சல் வராத மாதிரி வேற ஒரு பெட்டி செஞ்சேன். தறி ஓடறப்பவே அதுல பேசலாம். நல்ல பெட்டி, குறை சொல்ல முடியாது.

ஆனா ஒரு நாள் மககிட்ட, அன்னைக்கு அப்பா பேசினது ஞாபகம் இருக்குதான்னு கேட்டேன். "அவர் என்ன பேசினார்னு பாதி மறந்துட்டேனுங்கம்மா. பேசறதுக்கு முன்னாடி தறி ஒவ்வொன்னா நின்னுச்சு பாருங்க, அதுதான் ஞாபகம் இருக்குது. அப்பவே வரலாம்னு முடிவு பண்ணிட்டேன்"னா. அந்த ரெண்டாவது பெட்டியை முதல்லயே செஞ்சிருந்தா அவர் இருந்த இடத்துல இருந்தே ரெண்டு வார்த்தை பேசியிருப்பார், சுவரைத் தாண்டிப் போயிருக்க மாட்டார், அவளுக்கும் கேக்க வேண்டியது கேட்டிருக்காது. இப்பவும் நான் எதையாவது செய்யறேன், பாதிக்குப் பாதி வேலை செய்யறதில்லை. ஆனா வேலை செய்யாத ஒன்னை எடுத்துக் குப்பையில வீசப் போறப்போ மட்டும், கை கொஞ்சம் தயங்குது.